அராபியர் என்று எழுதிய பெட்டி

கத்தரி என்ற பெயரை அண்ணி முதன்முதலில் கேட்டது மொட்டைமாடியில், ஈரத் துணியை உதறிக்கொண்டிருந்தபோது. கொழுந்தன் பின்னாலேயே வந்து, கிளிப்பு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றான். கேட்காமல் உதவிக்கு வருகிற ஆள் இல்லை அவன். ஏதோ இருக்கிறது என்று அண்ணிக்கு அப்போதே பட்டுவிட்டது.

“அண்ணி, எங்க ஆபீஸ்ல கத்தரின்னு ஒரு பொண்ணு இருக்கா.”

“கத்தரியா? காய்கறிக்கடை வச்சிருக்காளா?”

“விளையாடாதீங்க அண்ணி. படப் பிரிவுல வேலை. எந்நேரமும் கையில கத்தரிக்கோல் இருக்கும். அதான் எல்லாரும் அப்படிக் கூப்பிடுறாங்க.”

“அப்ப ஜாக்கிரதையா இரு. உன் வாலை ஒட்ட நறுக்கிடப் போறா.”

அப்படித்தான் அந்தப் பெயர் குடும்பத்துக்குள் வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. கல்யாணத்துக்கு முன்னால் அதைக் கேட்ட மாமனாரின் தம்பி, “இது யாரு? பொண்ணை மாத்திட்டாங்களா?” என்று பதறிப்போனார். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பெயரைத் தொடவில்லை.

கத்தரியின் அப்பா பஸ் கண்டக்டர். அம்மா அவளுடைய சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். மூத்த அக்காதான் வளர்த்தாள். இரண்டாவது அக்கா ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளைக் கட்டியவர் பேசவே மாட்டார். அந்த வீட்டில் பேச இடம் கிடைத்தால்தானே பேசுவதற்கு. மூன்று பெண்களும் வாயால் பிழைத்துக்கொள்வார்கள் என்று கண்டக்டர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

பத்திரிகை ஆபீசில் படப் பிரிவு என்பது தரைத்தளத்தில், அச்சு இயந்திரங்கள் ஓடுகிற மெஷின் ஹாலை ஒட்டிய நீள அறை. சுவர் முழுக்கத் தகர அலமாரி, அலமாரி முழுக்க அட்டைப் பெட்டி. மெஷின் ஓடத் தொடங்கினால் பெட்டியெல்லாம் லேசாக நடுங்கும். அவள் கணவன், அதாவது அண்ணியின் கொழுந்தன், அந்த மெஷினில்தான் வேலை பார்த்தான். அவன் மெஷினைப் போட்டால் இவள் மேசையில் தேநீர் அலையடிக்கும். அதுதான் அவன் அனுப்புகிற காதல் கடிதம் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

புகைப்படக்காரர்கள் கொண்டுவந்து போடும் படங்களில் வேண்டாத ஓரத்தைக் கத்தரித்து, பின்னால் தேதிச் சீட்டு ஒட்டி, உரிய பெட்டியில் போடுவது கத்தரியின் வேலை. பெட்டிகளின் மேல் தடித்த பேனாவால் எழுதியிருக்கும்: மழை, கல்யாணம், விபத்து, குழந்தைகள், டாக்டர்கள், ஊர்வலம், நாய்கள். மேல் மாடியிலிருந்து செய்திப் பிரிவு போனில் கேட்கும். “குடை பிடிச்ச பொம்பளை ஒண்ணு குடும்மா, சிரிச்ச முகமா இருக்கணும்.” அவர்கள் போனை வைப்பதற்குள் படம் அவள் கையில் இருக்கும். அந்த வேகத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன முறை இதுதான்: படத்தில் இருப்பது யார் என்று பார்க்காதே, மேலே என்ன சொல்லிக் கேட்பார்கள் என்று பார். டாக்டர் என்றால் டாக்டர் பெட்டி, அவர் எந்த இனத்து டாக்டராக இருந்தால் என்ன. ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கிய அராபியச் சிறுமி குழந்தைகள் பெட்டிக்குப் போனாள். கண்ணாடிக் கடை திறந்த அராபியர் வியாபாரம் பெட்டிக்குப் போனார். அராபியர் என்றே எழுதிய பெட்டி ஒன்றும் இருந்தது. ஆனால் மேலிருந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது கலவரம், கடத்தல், வெடிகுண்டு என்று செய்தி வரும் நாளில் மட்டும்தான். அதனால் வாயைத் திறந்து கத்துகிறவர்களும் கையை ஓங்கியவர்களும் மட்டும் அந்தப் பெட்டியில் போய்ச் சேர்ந்தார்கள். உப்பு டப்பாவில் உப்பு, சர்க்கரை டப்பாவில் சர்க்கரை என்கிற மாதிரி அது பாட்டுக்கு நடந்தது. கத்தரிக்கு அதில் ஒன்றும் உறுத்தவில்லை.

கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் அவர்கள் ஒரு மூன்று மாடிக் கட்டிடத்தில் முதல் மாடிக்குக் குடி வந்தார்கள். எதிர் வீடு மேஸ்திரி வீடு. அவருடைய தாத்தா காலத்தில் வந்து தங்கிவிட்ட அராபியக் குடும்பம். வீட்டுக்குள் தங்கள் பாஷை பேசுவார்கள். கதவைத் தாண்டினால் எல்லாரையும் போலத்தான். கட்டிட வேலை நடக்கும் இடத்தில் கிரேனுக்குக் கை காட்டி, ஏற்று, இறக்கு என்று சொல்கிற பொறுப்பு மேஸ்திரிக்கு. பகலெல்லாம் கத்திப் பழகிய தொண்டை, வீட்டிலும் இறங்காது.

“ஏங்க, உப்பு எடுன்னு சொல்றதுக்கு இந்தக் கத்தா? இங்க என்ன கிரேனா நிக்குது?” என்று மேஸ்திரியம்மா கேட்பது இந்த வீட்டுச் சமையலறைக்குத் தெளிவாகக் கேட்கும்.

மேஸ்திரியம்மா தன் வீட்டு முன்னறையில், வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்வார். தரையில் பாய், ஒரு கூடை மரக்கட்டை, மூக்கு துடைக்கக் கொடியில் வரிசையாகத் துணி. கத்தரியின் மகள் தவழ்ந்துகொண்டு போய்ச் சேர்ந்தவள், அங்கேதான் எழுந்து நின்றாள், அங்கேதான் நடந்தாள். முதல் அடி வைத்ததைப் பார்த்தது பெற்றவள் இல்லை, மேஸ்திரியம்மா. கத்தரிக்கு வருத்தமாக இருக்கும் என்று அதை மறைத்து, சாயங்காலம் அவள் வந்த பிறகு, “அடியே, இங்க பாரு, இப்பதான் மொத அடி!” என்று புதிதாக நடப்பது போலக் கூப்பிட்டுக் காட்டினார். கத்தரிக்கு அது தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஒருநாள் மேலிருந்து போன் வந்தது. பேசியது செய்தி ஆசிரியர். புயல் என்றால்தான் ஆபீசில் அவரைத் தெரியும். அவர் வந்துபோன மேசையில் காகிதம் எதுவும் இருந்த இடத்தில் இருக்காது.

“ஏம்மா, அராபியன் ஒருத்தன் குடு. கோவமா இருக்கணும். பெரிசா போடப்போறோம், முகம் பளிச்சுனு தெரியணும்.”

கத்தரி பெட்டியைத் திறந்தாள். தாடி வைத்த ஒருவர் கையை ஓங்கி, வாயைப் பிளந்து கத்தும் படம் கண்ணில் பட்டது. எடுத்து உறையில் போட்டு அனுப்பினாள். மகளுக்குச் சளி, சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்பதுதான் அப்போது அவள் மனதில் இருந்தது.

மறுநாள் காலை அண்ணியிடமிருந்து போன்.

“கத்தரி, பேப்பர் பாத்தியா?”

“பகலெல்லாம் அதையேதானே பாக்குறேன் அக்கா. வீட்லயுமா?”

“மொதப் பக்கத்தைப் பாரு. உன் எதிர் வீட்டு ஆளேதான். தாடி மட்டும் வச்சிருக்கான். ‘அராபியக் கும்பல் அட்டூழியம், கடைக்குத் தீ’ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. பிள்ளையை மொதல்ல அங்கேர்ந்து தூக்கிட்டு வா.”

“அக்கா, அவரு நேத்து சாயங்காலம் எங்க வீட்டுக் குழாயை சரி பண்ணிக்கிட்டிருந்தாரு.”

“அப்ப பேப்பர்ல பொய்யா போடுவாங்க? நீயே அங்கதான் இருக்கே, நீ சொல்லு.”

கத்தரி போனை வைத்தாள். வாசலில் கிடந்த பேப்பரைப் பிரித்தாள். ஓங்கிய கையின் முஷ்டிக்கு மேலே படம் ஒட்ட வெட்டியிருந்தது. அது அவள் வெட்டு. பல வருஷத்துக்கு முன்னால் அவளே நறுக்கி, யாரென்று கேட்காமல், தோற்றத்தை மட்டும் பார்த்துப் பெட்டியில் போட்ட படம். தாடியையும் முகத்தில் அப்பியிருந்த சிமெண்டுத் தூசியையும் தள்ளிவிட்டுப் பார்த்தால், தினமும் மாடிப்படியில் பார்க்கிற முகம். நேற்று கையில் எடுத்தபோது அவளுக்கு அது யார் முகமாகவும் தெரியவில்லை.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனாள். முன்னறையில் பாய் விரித்திருந்தது. ஒரு பிள்ளைகூட இல்லை. அம்மாக்கள் ஒவ்வொருவராக வந்து, காய்ச்சல் என்றும் ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்றும் ஏதேதோ சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஒருத்தி கொடியில் கிடந்த தன் பிள்ளையின் மூக்குத்துணியைக்கூட விடாமல் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். வேலை நடக்கும் இடத்திலிருந்து, கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கத்தரி நிற்கும்போதே, வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் படியேறி வந்தார்.

“எனக்கு ஒண்ணும் இல்ல மேஸ்திரி. உங்களைத் தெரியாதா எனக்கு? ஆனா மத்த வீட்டுக்காரங்க முணுமுணுக்குறாங்க. மாசக் கடைசிக்குள்ள வேற இடம் பாத்துக்குங்க.”

சொல்லிவிட்டுச் செருப்பு சத்தம் கேட்காமல் இறங்கிப் போனார்.

மேஸ்திரி பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் அவர் குரல் இறங்கியிருந்தது.

“நான்தான் தங்கச்சி இது. தாடி வச்சிருந்தேன் அப்ப. கான்கிரீட் பலகை இறங்குது, கீழ ஆளுங்க நிக்கிறாங்க. நிறுத்து, நிறுத்துன்னு கத்துறேன். சிரிச்சுக்கிட்டே சொன்னா கிரேன்காரன் நிறுத்துவானா?”

“படத்தை எடுத்துக் குடுத்தது நான்தாண்ணே,” என்றாள் கத்தரி.

மேஸ்திரியம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். “நீயா?” என்றார். எழுந்து சமையலறைக்குள் போய், வேலை ஒன்றும் இல்லாத இடத்தில் பாத்திரத்தை உருட்டினார். கத்தரி போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றாள். சற்றுப் பொறுத்து அவர் வெளியே வந்து, பிள்ளையைக் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

“இவ இங்க இருக்கட்டும். இவளுக்கு என்ன தெரியும். நீ போய் உன் ஆபீஸ்ல கேக்க வேண்டியதைக் கேளு.”

கத்தரி நேராக மேல் மாடிக்குப் போனாள். ஆசிரியர் அறையில் புயலும் இருந்தார். ஆசிரியர் மெதுவாகப் பேசுகிற மனிதர். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. விஷயத்தைச் சொன்னாள்.

“கீழ ‘கோப்புப் படம்’னு போட்டிருக்கோமே,” என்றார் புயல்.

“எறும்பு மாதிரி எழுத்து சார் அது. மூஞ்சிதானே பெரிசா இருக்கு.”

“சரிம்மா,” என்றார் ஆசிரியர். “தப்புதான். ஏழாம் பக்கத்துல ‘வருந்துகிறோம்’னு ரெண்டு வரி போட்டுடலாம்.”

“மொதப் பக்கத்துல போட்டதுக்கு ஏழாம் பக்கத்துல வருத்தமா சார்? அவங்களை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க.” பிறகு, கேட்க வந்ததோடு வராததையும் கேட்டாள். “பிடிபட்டது மூணு பேரு. அதுல ஒருத்தன்தான் அராபியன்னு நம்ம பேப்பரே போட்டிருக்கு. மத்த ரெண்டு பேரு என்ன ஆளுங்க சார்?”

“அது எதுக்கு இப்ப?” என்றார் புயல்.

“அதைத்தான் நானும் கேக்குறேன்.”

ஆசிரியர் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார். கத்தரி கீழே ஓடினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் மேசையில் கவிழ்த்தாள்.

“இதுல சிரிக்கிற மூஞ்சி ஒண்ணு எடுங்க சார். இல்ல, சும்மா உக்காந்திருக்கிற மூஞ்சி. ஒண்ணே ஒண்ணு.”

இருந்தால்தானே எடுப்பதற்கு. ஆனால் புயல் சும்மா விடுகிற ஆளா?

“பெட்டியை அடுக்கினது யாரும்மா? நானா?”

கண்டக்டர் மகளுக்கு வாயடைத்துப் போனது வாழ்க்கையிலேயே அப்போதுதான்.

“நான்தான் சார்,” என்றாள்.

“அப்புறம் எங்ககிட்ட எதுக்கு வந்து கொட்டுறே?”

படங்களை அள்ளிப் பெட்டியில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். அறைக் கதவைச் சாத்திவிட்டு, அவற்றைத் தரையில் பரப்பி உட்கார்ந்தாள். ஒவ்வொன்றிலும் தன் கத்தரிக்கோல் எங்கே போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தாள். ஊர்வலத்தில் கத்துகிறவர் பிடித்திருந்த அட்டையை வெட்டியிருந்தாள். எதற்காகக் கத்தினார் என்பதும் அதோடு போய்விட்டது. வாயைத் திறந்து கதறுகிற ஒருவரின் பக்கத்தில் ஆம்புலன்ஸ் இருந்த அடையாளமாக ஒரு சக்கரம் மட்டும் மிச்சமிருந்தது. ஆளின் முகம் பெரிதாக வர வேண்டும், மற்றது இடத்தை அடைக்கும் என்பது வெட்டுகிறவர்களின் பாடம். பாடத்தை அவள் நன்றாகவே படித்திருந்தாள்.

மேஸ்திரி படத்தின் நெகட்டிவை இருட்டறைக்காரரிடம் கொடுத்து, வெட்டாமல் முழுசாகப் போட்டு வாங்கினாள். முழுப் படத்தில் மேலே கிரேனின் கொக்கி, அதில் தொங்கும் பலகை, கீழே தலைக்கவசம் போட்ட ஆட்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு வேளையில் வந்த கணவன் எட்டிப் பார்த்தான்.

“ஏய், இது நம்ம மெஷின் ஹால்டி. தெற்குச் சுவர் எழும்பின சமயம். அந்தப் பலகைக்குக் கீழதான் நான் தினம் நிக்கிறேன்.”

பத்திரிகைக்குப் புது மெஷின் ஹால் கட்டும்போது, திறப்பு விழா மலருக்காக ஆபீஸ் புகைப்படக்காரரே எடுத்த படம் அது. மலரில் இடம் போதாமல் விட்டிருக்கிறார்கள். பின்னால் மிச்சப் படங்களோடு அது கத்தரியிடம் வந்திருக்கிறது.

அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். முதல் பக்கத்தில் இதை முழுசாகப் போடச் சொல்லிக் கேட்கப்போவதாகச் சொன்னாள். மேஸ்திரி இரண்டு கையையும் ஆட்டினார்.

“வேண்டாம் தங்கச்சி. மறுபடியும் என் மூஞ்சியா? பாதிப் பேரு கீழ இருக்கிறதைப் படிக்கவே மாட்டான். ‘ரெண்டாவது தடவையும் மாட்டிக்கிட்டான் பாரு’ன்னுதான் சொல்லுவான். நான் பேசாம வேற இடம் பாக்குறேன்.”

அவர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. கத்தரி படத்தை உறைக்குள் போடப்போனாள். மேஸ்திரியம்மா அதைப் பிடுங்கிக்கொண்டார்.

“எந்த இடத்துக்குப் போவீங்க? அங்க பேப்பர் வராதா? கிரேனோட போடட்டும். கிரேன் இருந்தா குருடனுக்குக்கூடப் புரியும்.” பிறகு கத்தரியைப் பார்த்து, “நீ தனியாப் போனா உன்னைத் திட்டி அனுப்பிடுவாங்க. நானும் வரேன்,” என்றார்.

மறுநாள் ஆசிரியர் அறையில், கத்தரியின் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மேஸ்திரியம்மா நின்றார். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

“ஏழாம் பக்கத்துல போடுறேன்னு சொன்னீங்களாமே. உங்க பேப்பரை நான் தினம் வாங்குறேன் சார். ஏழாம் பக்கத்தைத் தரையில விரிச்சு அதுமேலதான் உருளைக்கிழங்கு தோல் சீவுவேன். எல்லார் வீட்லயும் அப்படித்தான். அங்க நீங்க வருத்தப்பட்டா உருளைக்கிழங்குக்குத்தான் தெரியும்.”

ஆசிரியர் சிரித்துவிட்டார். புயல் சிரிக்கவில்லை.

“சார், இதுக்கு இடம் குடுத்தா நாளைக்கு ஒவ்வொருத்தனும் வந்து நிப்பான்,” என்றார்.

“வரட்டுமே,” என்றாள் கத்தரி. “வர்ற அளவுக்கு நம்ம தப்பு பண்ணியிருந்தா வரத்தானே செய்வாங்க? இந்தத் தப்புல என் பங்கும் இருக்கு சார். என் பேரையும் சேர்த்தே போட்டுக்குங்க.”

ஆசிரியர் முழுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். காலுக்குக் கீழே மெஷின் ஓடத் தொடங்கி, மேசையில் கிளாஸ் லேசாக அதிர்ந்தது.

“அன்னைக்கு அந்தப் பலகை யார் மேலயும் விழலையே?” என்று மேஸ்திரியம்மாவிடம் கேட்டார்.

“விழலை சார். அதுக்குத்தான் அவரு கத்தினாரு.”

“மொதப் பக்கம்,” என்றார் ஆசிரியர். “கீழ் பாதியில. அகலம் அதே அகலம்.”

கத்தரி கேட்டது மேல் பாதி. கிடைத்தது கீழ் பாதி. அவள் பெயரைப் போடவில்லை. ஆபீஸ் தப்பை ஆபீஸ்தான் ஏற்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். படத்தின் கீழே, பெரிய எழுத்திலேயே, இவர் யார், எதற்காகக் கத்துகிறார், எங்கள் கட்டிடத்தைக் கட்டியவரை எப்படித் தவறாகக் காட்டினோம் என்று எழுதியிருந்தார்கள். ‘அராபியக் கும்பல்’ என்ற தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைக் கத்தரி கேட்டுக்கொண்டே இருந்தாள். பல வாரம் கழித்து, வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது, ‘கடைக்குத் தீ: மூவர் மீது வழக்கு’ என்று மட்டும் போட்டார்கள்.

முழுப் படம் வந்த அன்றைய பேப்பரை வீட்டுக்காரர் எடுத்துவந்து மேஸ்திரியிடம் நீட்டி, “நல்லா விழுந்திருக்கு படம்,” என்றார். காலி செய்கிற பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை. மேஸ்திரியை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பிள்ளைகள் ஒன்றிரண்டாகத் திரும்பி வந்தார்கள். மூக்குத்துணியை எடுத்துக்கொண்டு போனவள் மட்டும் வரவில்லை; மாடிப்படியில் பார்த்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். மேஸ்திரியம்மாவும் கத்தரியிடம் முன்போல ஒட்டுவதற்கு நாள் பிடித்தது. பிள்ளையை வாங்கிக்கொள்வார், பேச்சு மட்டும் அளவோடு இருக்கும். கத்தரி அதைக் கேட்டுக் கிளறவில்லை. ஒருநாள் சாயங்காலம் அவர் வழக்கம்போல, “அடியே, இங்க வந்து பாரு உன் மகளை!” என்று கூப்பிட்டபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

அண்ணி தானாகவே கிளம்பி வந்தாள். மேஸ்திரி வீட்டு முன்னறையில் போய் உட்கார்ந்தாள். வந்ததற்கு ஏதாவது சொல்ல வேண்டுமே, என்ன சொல்வது? புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு இருந்துவிட்டு, “எங்க மொட்டைமாடி ஒழுகுது. அதுக்கு என்ன பூசலாம்?” என்று கேட்டாள். மேஸ்திரி மூன்றாவது மாடிக்குக் கேட்கிற குரலில் பூச்சு வேலையை விளக்கத் தொடங்கினார். அண்ணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அடுத்த வாரம் அவரே போய்ப் பூசிக் கொடுத்தார்.

ஆபீசில் கத்தரி அந்தப் பெட்டியை இல்லாமல் ஆக்கினாள். ஒவ்வொரு படத்தின் நெகட்டிவையும் தேடி எடுத்து, முழுப் படம் போட்டு, அதில் என்ன நடக்கிறதோ அந்தப் பெட்டியில் வைத்தாள். மேஸ்திரி கட்டிடம் பெட்டிக்குப் போனார். ஆம்புலன்ஸ் பக்கத்தில் கதறியவர் விபத்துக்குப் போனார். யாரென்று தெரியாத படத்தை, எடுத்தவரைத் தேடிப் பிடித்துக் கேட்டாள். சிலவற்றுக்குப் பதிலே கிடைக்கவில்லை. அவற்றைத் தனியாகக் கட்டி, உபயோகிக்கக் கூடாது என்று எழுதி வைத்தாள்.

“அராபியன் ஒண்ணு குடும்மா,” என்று புயல் போனில் கேட்பார்.

“அப்படி ஒரு பெட்டி இல்ல சார். செய்தி என்னன்னு சொல்லுங்க.”

“பக்கம் போகணும், நேரமாச்சு!”

“செய்தியைச் சொன்னா ஒரு நிமிஷம் சார். சொல்லலைன்னா எனக்கே தெரியாதே, என்ன குடுக்குறது?”

புயல் அவளைப் பற்றி நிர்வாகத்துக்குப் புகார் எழுதினார். அந்த வருஷம் அவளுக்குச் சம்பள உயர்வு நின்றது. படம் கிடைக்காத நாட்களில் தலைப்பு மட்டும் பழையபடி வந்தது. அப்போதெல்லாம் பேப்பரைக் கையில் மடித்துக்கொண்டு மேல் மாடிக்குப் போய், “மத்தவங்க என்ன ஆளுங்க சார்?” என்று கேட்டுவிட்டு வருவாள். சில தடவை அடுத்த பதிப்பில் மாற்றினார்கள். பல தடவை மாற்றவில்லை. புயல் ஓய்வு பெற்றுப் போனார். அவருக்குப் பின் வந்தவர், அவள் படியேறும் சத்தம் கேட்டால் தலைப்பை ஒருமுறை திரும்பப் படித்துப் பார்ப்பாராம்.

கத்தரி இப்போதும் அதே ஆபீசில், தரைத்தளத்துப் படப் பிரிவில்தான் வேலை பார்க்கிறாள். வீடும் அதே முதல் மாடிதான், மேஸ்திரி வீட்டுக்கு எதிரில்.